நாளுக்கு மூன்று சொல்: அக்காவின் ஆங்கிலக் கொப்பிகள்

எங்கள் அக்கா எம்மை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவரது ஒரே தங்கையான நான் இதை எழுதுகிறேன். கூட்டுறவுக் கடையில் நிறுவைக்கு நிற்கும் எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அக்காவின் கணவரான அத்தான் விடவில்லை. "நீ எழுது பிள்ளை. வேறை ஆரும் எழுதினால் அவாவைத் தெய்வமாக்கிப் போடுவினம்" என்றார். ஆகவே எனக்குத் தெரிந்த அக்காவை எழுதுகிறேன்.

அக்கா முரசுமோட்டையில் பிறந்தார். எங்கள் ஐயாவும் அம்மாவும் குடாநாட்டிலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி வயலாக்கியவர்கள். அக்கா படிப்பில் கெட்டி. ஆனால் அவர் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த வருடத்தில் நாங்கள் இரண்டு தடவை இடம்பெயர்ந்தோம். ஆங்கிலத்தில் வெறும் சாதாரண சித்தி, தேறினார் என்ற அளவுதான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பிறகு அத்தானைத் திருமணம் செய்து, எங்கள் காணிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பிள்ளைகள் இருவரும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

யுத்தத்தின் கடைசிக் காலத்தை நான் இங்கே விரிக்கவில்லை. இதை வாசிப்பவர்களில் பலர் அதே வீதியால் நடந்தவர்கள். ஐயாவையும் அம்மாவையும் அந்த வழியில் இழந்தோம். வவுனியா முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எங்கள் வயல் வரம்பில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நின்றது. யாரோ முகம் தெரியாத பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறி மிதிவெடிகளை எடுத்த பிறகுதான் அத்தானால் வயலில் கால் வைக்க முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா அடுத்த மாதமே அந்த வேலைக்குப் பெயர் கொடுத்தார்.

நான் அழுதேன், ஏசினேன். அக்கா அமைதியாகச் சொன்னார்: "எங்கடை காணியை ஆரோ வந்து துப்புரவாக்கித் தந்தவை. நான் போய் வேறை ஆக்களின்ரை காணியைத் துப்புரவாக்கக் கூடாதே?"

அந்த வேலையில்தான் ஆங்கிலம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பயிற்சியில் வெளிநாட்டு அலுவலர் ஒருவர் அரை மணித்தியாலம் பேசினாராம். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு வசனத்தில் தமிழில் சொல்லி முடித்துவிட்டார். அன்று பின்னேரம் அக்கா வேலை உடுப்புக்கூட மாற்றாமல் குசினி வாசலில் குந்தியிருந்து, அடுப்படியில் நின்ற என்னிடம் கேட்டார்: "அந்த மனுசன் இவ்வளவு நேரம் கதைச்சார். எங்களுக்கு வந்தது ரெண்டு வசனம். மிச்சம் எங்கை போனது? அதுக்குள்ளை என்ரை உசிருக்குத் தேவையான சொல் ஒண்டு இருந்திருந்தால்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சி நகரத்துக்குப் போய்ப் பழைய புத்தகங்களுக்குள் தேடி, ஒரு தடித்த ஆங்கில அகராதியை வாங்கி வந்தார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி அது. மட்டை இல்லை, முதல் நாற்பது பக்கங்களும் இல்லை. அதனால் 'ஏ' எழுத்தில் தொடங்கும் சொற்கள் அக்காவுக்குக் கடைசிவரை குறைவுதான்.

நாளுக்கு மூன்று சொல் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பியில் முதலில் சொல். அதன் கீழே அகராதி தரும் விளக்கம். அடுத்து அந்த விளக்கத்தைத் தன் தமிழில் ஒரு வரி. கடைசியில் ஓர் உதாரண வசனம். அகராதியில் இருந்த உதாரண வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் பனி பெய்தது, பிரபுக்கள் தேநீர் அருந்தினார்கள். "எனக்குப் பனி தெரியாது. தெரியாததை வைச்சுத் தெரியாததை எப்பிடிப் படிக்கிறது?" என்று சொல்லி, தன் வசனங்களைத் தானே எழுதினார். அவை அன்றன்று நடந்த உண்மையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பொய் வசனம் மனதில் தங்காது என்பார்.

'ரிலக்டன்ட்' என்ற சொல்லுக்கு, மனமில்லாமல் தயங்குகிற என்று விளக்கம். வசனம்: "எங்கள் சிவப்பு மாடு மழையில் பட்டியை விட்டு வெளியே வரத் தயங்கியது." 'மெற்றிகியூலஸ்' என்றால் நுணுக்கம் ஒன்றையும் விடாமல் கவனமாகச் செய்கிற என்று பொருள். "என் கணவர் மீன் முள் எடுப்பதில் மட்டும் அப்படிப்பட்டவர்" என்று எழுதியிருந்தார். அத்தான் அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

ஒருநாள் நான் அங்கே போனபோது அக்கா கொப்பியைச் சட்டென்று மூடினார். பறித்துப் பார்த்தேன். 'ஒப்ஸ்டினேற்' என்று ஒரு சொல். தமிழ் விளக்கத்துக்கு விட்ட வரி வெறுமையாக இருந்தது; அதன் கீழ் வசனத்தில் என் பெயர்.

"இது என்ன, நல்ல சொல்லோ?" என்று கேட்டேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான்தான் சொன்னார்: "ஆர் சொன்னாலும் கேளாமல் பிடிச்ச பிடியிலை நிக்கிற ஆள் எண்டு அர்த்தமாம். அகராதி சொல்லுது பிள்ளை, நான் சொல்லேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்: "சாகிற வேலைக்குப் போறியள். அதுக்கும் இங்கிலீஷ் வேணுமே?" அக்கா எழுந்து உள்ளே போனார். கொப்பியை எடுத்து அலுமாரியில் வைத்தார். ஒரு வாரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் கதை இல்லை. அதன்பின் அவரே ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்போடு வந்தார். நான் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இந்த மலரில் கேட்டுக்கொள்கிறேன்.

சில வருடங்களில் அக்கா ஓர் அணிக்குத் தலைவியானார். அவருடைய அணியில் புவனா என்ற பெண் இருந்தார். கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளோடு தனியாக வாழ்ந்தவர். ஒருநாள் காலை புவனா மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது மிதிவெடி ஒன்று வெடித்தது. கவசம் உயிரைக் காப்பாற்றியது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலில் ஓடிப்போய் அவரைத் தூக்கியது அக்கா.

பத்து நாள் கழித்து விசாரணை அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து அக்காவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். "சின்னக் கவனக்குறைவு எண்டு போட்டிருக்கு. நீங்கள் சாட்சி எண்டு ஒரு கையெழுத்து வைச்சால் காணும்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அக்கா கடதாசியை வாங்கி முதல் வரியிலிருந்து வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் 'நெக்லிஜென்ட்' என்ற சொல் இருந்தது.

அந்தச் சொல் அக்காவின் கொப்பியில் முன்பே இருந்தது. செய்யவேண்டிய கடமையை, எடுக்கவேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்ட என்று அதன் விளக்கம். அத்தான் படலையைச் சாத்த மறந்து மாடு நாற்று மேய்ந்த அன்று எழுதிய வசனமும் அதன் கீழ் இருந்தது. அத்தானுக்கு அந்தச் சொல் பொருந்தும். புவனாவுக்குப் பொருந்தாது என்பது அக்காவுக்கு உடனே தெரிந்தது. அந்த ஒரு சொல் நின்றால் புவனா பிழை செய்தவர் ஆகிவிடுவார். வேலையும் போகும், மேற்கொண்டு வைத்தியத்துக்கான உதவியும் நின்றுபோகும்.

"நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார் அக்கா.

"ஒரு சொல்லுக்காகவோ?"

"ஓம். ஒரு சொல்லுக்காகத்தான். புவனா சொல்லிக்குடுத்த ஆழத்திலை, சொல்லிக்குடுத்த சரிவிலைதான் கிண்டினவா. நான் பக்கத்துப் பாதையிலை நிண்டு பாத்தனான்."

வெளிநாட்டு அலுவலரிடம் தன்னைக் கூட்டிப் போகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கூட வந்தார். அக்கா அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் தானே ஆங்கிலத்தில் பேசினார். வேம்பின் வேர் ஒன்று வளர்ந்து மிதிவெடியைச் சரித்து அதன் மேல்முகத்தைக் கிண்டுகிற பக்கம் திருப்பியிருந்தது, மேலிருந்து கருவி வைத்துப் பார்த்தாலும் அது தெரியாது, இதற்கு 'நெக்லிஜென்ட்' என்று எழுத முடியாது, 'அன்ஃபோர்சீன்' என்றுதான் எழுதலாம் என்றார். முன்கூட்டி அறிய முடியாமல் நேர்ந்தது என்பது அதன் பொருள்.

அந்த அலுவலர் நேர்மையான மனிதர். மறுநாள் காலை அக்காவோடு அதே இடத்துக்குப் போய், மண்டியிட்டு அந்த வேரைப் பார்த்தார். அறிக்கையின் அந்தப் பக்கம் மாற்றி எழுதப்பட்டது. புவனாவுக்கு முழு வைத்தியமும் கிடைத்தது. பிறகு வரைபடப் பிரிவில் வேலையும் கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறார், இடது கையால் அழகாக எழுதுகிறார்.

ஆங்கிலத்தில் பேசிய அன்று பின்னேரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "பிள்ளை, எனக்குக் கால் இன்னும் நடுங்குது. மிதிவெடிக்கு முன்னாலை கூட இப்பிடி நடுங்கினதில்லை" என்று சிரித்தார். அன்றுதான் நான் முதல் முறையாக அந்தக் கொப்பிகளை ஒழுங்காகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போது பதினொரு கொப்பிகள் இருந்தன.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தார். பிறகு மீண்டும் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தார். ஒருநாள் காலை பெரிய டொக்டர் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, கூட வந்த இளம் டொக்டருக்கு ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். நான் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னார். இரண்டு டொக்டர்களும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அக்கா தமிழுக்கு மாறினார்:

"டொக்டர், நீங்கள் 'பலியேற்றிவ்' எண்டு சொன்னது எனக்கு விளங்கினது. நோயை மாத்தாது, நோவைக் குறைக்கும். அதுதானே? அதைத் தமிழிலை ஒருக்கால் சொல்லுங்கோ. என்ரை தங்கச்சிக்கும் விளங்கோணும்."

பெரிய டொக்டர் கதிரையை இழுத்து அக்காவின் தலைமாட்டில் அமர்ந்தார். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ அம்மா" என்று தொடங்கி, அவசரப்படாமல், என்னைப் பார்த்தும் அக்காவைப் பார்த்தும் எல்லாவற்றையும் சொன்னார். என்ன மருந்து, எப்போது கொடுப்பது, என்ன எதிர்பார்ப்பது, எதற்குப் பயப்படத் தேவையில்லை. அழுதுகொண்டுதான் கேட்டேன். ஆனால் அன்று எல்லாம் விளங்கியபடியால், அடுத்த இரண்டரை மாதம் அக்காவை வீட்டில் வைத்து நோகாமல் பார்க்க எங்களால் முடிந்தது.

அந்த இரண்டரை மாதத்தில் அக்கா பயிற்றங்காய்ப் பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போடச் சொன்னார். நாளுக்கு மூன்று சொல் ஒரு சொல்லாகக் குறைந்தது. கை ஓய்ந்தபோது அவர் சொல்லச் சொல்ல அத்தான் எழுதினார். அத்தானின் எழுத்துப்பிழைகளை அக்கா படுத்திருந்தபடியே திருத்தினார். காலபோக நெல் அறுவடை முடிந்த கிழமையில், காலை ஒன்பது மணிக்கு, எங்கள் இருவரின் கையையும் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவின் நோயில் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கதிரை இழுத்துப் போட்டு இருந்து கதைத்த அந்த டொக்டருக்கும் தாதியர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த அவரது அணிப் பெண்களுக்கும், ஒரு நாளும் வராமல் விடாத புவனாவுக்கும், வெளிநாடுகளிலிருந்து தினமும் சுகம் கேட்ட உறவுகளுக்கும், பந்தல் போட்டு, தோள் கொடுத்து, கிரியைகளை முன்னின்று நடத்திய ஊரவர்களுக்கும் நன்றி.

இன்னும் ஒரு குடும்பத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் முல்லைத்தீவுப் பக்கமிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எங்களுக்கு அவர்களைத் தெரியாது. அக்காவின் அணி துப்புரவாக்கிய காணியில் இப்போது வீடு கட்டி இருப்பவர்களாம். காணியைக் கையளித்த அன்று ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் கொடுத்தார்களாம். மற்றவர்கள் வாங்கி மடித்து வைத்தபோது, அக்கா அவர்களை மர நிழலுக்குக் கூப்பிட்டு, அதை வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார்.

"அதிலை 'ரெசிடுவல்' எண்டு ஒரு சொல் கிடந்தது" என்றார் அந்தப் பெண். "'முழுக்கத் துப்புரவாக்கினாலும் எங்கையேனும் ஒண்டு மிஞ்சிக் கிடக்கலாம் எண்டு அர்த்தம். பயப்பிடாதேங்கோ, ஆனால் இரும்பு ஏதும் கண்டால் தொடாதேங்கோ, எங்களைக் கூப்பிடுங்கோ' எண்டு அவா ரெண்டு தரம் சொன்னவா. போன மாதம் இவர் கிணறு வெட்டேக்கை மண்வெட்டி நுனியிலை ஏதோ இரும்பு மாதிரித் தெரிஞ்சுது. இவர் அப்பிடியே மண்வெட்டியைப் போட்டிட்டு ஏறி வந்திட்டார்."

கணவர் தலையை ஆட்டினார். வந்து எடுத்துப் பார்த்தவர்கள் அது வெடிக்கும் நிலையில் இருந்தது என்று சொன்னார்களாம். அக்காவிடம் நேரில் சொல்லத் தேடி விசாரித்து வந்திருக்கிறார்கள், எட்டு நாள் பிந்திவிட்டார்கள். அத்தான் அவர்களை இருத்திச் சாப்பாடு போட்டார். போகும்போது அந்த மனிதர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கிணத்தைத் திரும்ப வெட்டினனாங்கள் அண்ணை. பதினெட்டு அடியிலை நல்ல தண்ணி கண்டிட்டுது."

இங்ஙனம்,
அக்காவின் அன்புத் தங்கை,
முரசுமோட்டை.