ஆனேக்கல் சாட்சி

சோனியா ஆறு வருடம் நீலசந்திராவில் ஒரு குடோனில் வேலை பார்த்தாள். காலாவதியான உணவு டின்களின் அடியில் இருக்கும் தேதியைப் பெயிண்ட் தின்னர் தொட்டுத் துடைப்பது அவள் வேலை. துடைத்த இடத்தில் புதுத் தேதி குத்துவது மமதாவின் வேலை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். கன்னடக்காரியான மமதா தமிழ் கற்றதே அந்த மேசையில்தான்.

2012 மழைக்காலத்தில் உப்பிப்போன காளான் டின்கள் ஒரு லோடு வந்தன. அவற்றை ஆணியால் குத்திக் காற்றை இறக்கி, ஈயம் வைத்து அடைக்கச் சொன்னார் முதலாளி. குத்தியதும் நாற்றம் குடோன் முழுக்கப் பரவியது. இவை எங்கே போகின்றன என்று சோனியா டெம்போக்காரரிடம் கேட்டாள். பிள்ளைகள் விடுதி ஒன்றின் பெயரைச் சொன்னார்.

அன்று மாலையே உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதிகாரி வைத்தீஸ்வரனுக்கே அதுதான் முதல் பெரிய சோதனை. மூன்றாம் நாள் வந்து, மாதிரி டின்களை எடுத்துக்கொண்டு, குடோனுக்குச் சீல் வைத்தார்.

தெருவில் நின்ற மமதா கேட்டாள்: "யாருடி போட்டுக் குடுத்தது?"

"நான்தான்."

"செஞ்சது சரிதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் போய் மொதலாளிகிட்ட சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

சோனியா அப்படித்தான் பயந்திருந்தாள்.

அந்த வாரமே மமதா ஆனேக்கலில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் நம்பரும் மாறிவிட்டது.

வழக்கில் இருவருமே சாட்சிகள். சம்மன் வரும்போதெல்லாம் சோனியா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, கோர்ட் திறக்குமுன்பே போய் நிற்பாள். மமதா வரமாட்டாள். வாய்தா விழும். நான்கு முறை இப்படியே போயிற்று. ஐந்தாம் முறை வந்தாள், இளைத்துக் கறுத்து. கூண்டில் ஏறி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

வராந்தாவில் சோனியா ஓடிப்போய், "சாப்ட்டியாடி?" என்றாள்.

"ஊட்டா ஆய்த்து" என்று, சாப்பிட்டாயிற்று என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, மமதா பஸ்ஸுக்கு நடந்தாள்.

முதலாளிக்குத் தண்டனை கிடைத்த அன்று வைத்தீஸ்வரன் போன் செய்து பாராட்டினார்.

"இனிமே சம்மன் வராதா சார்?"

"வராதும்மா. நிம்மதியா இருங்க."

இனி மமதாவைப் பார்க்கவும் வழியில்லை; சோனியா அன்று சாப்பிடவில்லை.

இப்போது பிரேசர் டவுனில் ஒரு பள்ளிச் சமையலறையில் சரக்கைப் பார்த்து வாங்குவது அவள்தான். லீவு நாட்களில் சில சமயம் ஆனேக்கல் பஸ் ஏறி, சந்தையைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவாள். போன மாதம் துணிந்து ஒரு பூக்காரியிடம் மமதாவின் வீட்டை விசாரித்துப் போனாள். வீடு பூட்டியிருந்தது.

"கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போயிருக்கா. ஆறு மணி ஆகும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "யார் வந்ததுன்னு சொல்லட்டும்?"

சோனியா கொஞ்சம் யோசித்து, "கூட வேல செஞ்சவ" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

அழைப்பு வரவில்லை. இந்த வாரம் ஆறு மணிக்குமேல் போய்ப் பார்ப்பதாக இருக்கிறாள்.