பார்க்கலாம் என்றார் அதிகாரி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கிளி. மூன்று நட்பு நாடுகள் சேர்ந்து ஒரே மாதிரிக் கவச வண்டியைச் செய்து வாங்கிக்கொள்வது என்று கைகுலுக்கிய நாளிலிருந்து அந்தக் கூட்டங்களுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். நட்பென்றால் அப்படியொரு நட்பு! எஞ்சின் ஒருவருக்கு, பீரங்கி இன்னொருவருக்கு, உட்காரும் இருக்கை நமக்கு. வண்டி என்னவோ இன்னும் காகிதத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இருக்கையை நம்பித்தான் ஊர் எல்லையிலிருந்த தொழிற்சாலை மூடாமல் இருந்தது. அவளுடைய தம்பிக்கு அங்கேதான் வேலை.

கிளி ஏற்கெனவே சூடுபட்டவள். முன்பொரு கூட்டத்தில் நம் தலைமை அதிகாரி "பார்க்கலாம்" என்றார். நம்மிடையே அதற்கு நடக்காது என்றுதான் பொருள், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளும் "முடியாது" என்றே மொழிபெயர்த்தாள். விருந்தாளிகளின் முகம் தொங்கிப்போனது. மனிதர் பிறகு தாம்தூம் என்று குதித்தார்.

"நான் எப்பம்மா முடியாதுன்னு சொன்னேன்? சொன்னதை மட்டும் சொல்லு. உன் சொந்தச் சரக்கெல்லாம் வேண்டாம்."

நமக்கேன் வம்பு என்று அன்றோடு சொல்லுக்குச் சொல் மாற்றத் தொடங்கினாள். கிளி என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

அடுத்த கூட்டத்தில் எஞ்சின் நாட்டுக்காரர் தேன் ஒழுகப் பேசினார். இருக்கையையும் தாங்களே செய்துவிட்டால் நமக்குச் சிரமம் குறையுமாம். நம் சிரமத்தின்மேல் என்ன கரிசனம்! அதிகாரி புன்னகையோடு "பார்க்கலாம்" என்றார்.

அவளுக்குத் திக்கென்றது. அதிகாரியைப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னாள். அவர்கள் மொழியில் அது சம்மதம். அறையே கைதட்டியது. எதற்கென்று தெரியாமல் அதிகாரியும் தட்டினார்.

விஷயம் புரிந்தபோது, போயும் போயும் ஓர் இருக்கைக்காக நட்பைக் கெடுப்பதா என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒத்துழைப்புக்காக அதிகாரிக்குப் பதவி உயர்வு. தொழிற்சாலைக்குப் பூட்டு.

தம்பி வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அந்த ரூம்ல நீயும்தானே இருந்த?"

"இருந்தேன்டா. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அது சரி. அவர் வேண்டாம்னுதான் சொல்றார்னு உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது" என்றாள்.