வெளி டயரும் மாட்டப்படும்

என் தங்கை கெங்கம்மாள் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மாதனூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். அதற்குள் சொந்தமாக ஒரு காற்று கம்ப்ரசர். கணவர் பெயரில் இல்லாமல் தன் பெயரில் ஒரு போர்டு. பொம்பளை கழற்றிய சக்கரத்தில் ஏற மாட்டேன் என்று முதல் வருஷம் சொல்லிவிட்டுப் போன ஒரு டிரைவர். அவர் இப்போது வேறு யாரையும் தன் வண்டியைத் தொட விடுவதில்லை. ஒரு கம்பெனி வேண்டாவெறுப்பாக அனுப்பிய ஒரு புது டயர். அதை அவள் விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. கடைசியாக ஆறு எழுத்து. அந்த ஆறு எழுத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. நாற்பத்திரண்டு வருஷம்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்லேட்டும் இரண்டு ஆடும் இருந்தன. ஸ்லேட்டு எனக்கு வந்தது, ஆடுகள் அவளுக்குப் போயின. யாரும் உட்கார்ந்து பேசி அப்படி முடிவு செய்யவில்லை. அம்மா காலையில் வேலைக்குப் போகும்போது யார் கையில் எது இருந்ததோ அதுவே நிலைத்துவிட்டது. நான் எட்டாவது வரை படித்து, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கர் ஆனேன். ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தால் அந்த ஷூவைத் திருப்பி அனுப்புவது என் வேலை. அவள் பதினாறு வயதில் தோல் தொழிற்சாலைக்குப் போனாள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடும் வேலை. கையுறை கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். அந்த அடுத்த வாரம் ஒன்பது வருஷம் வரவில்லை.

தொட்டி அவள் விரல் ரேகையைத் தின்றுவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் அவள் எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும்.

"உனக்கு விரலே இல்லன்னு சொல்லுதும்மா மிஷினு" என்று கடைக்காரர் ஒருநாள் சிரித்திருக்கிறார்.

"பத்து கீது. எண்ணிக்கோ" என்று இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, எண்ணி முடிக்கும் வரை எடுக்கவில்லையாம்.

அவள் கணவர் செல்வகுமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர். வண்டி ஓட்டத் தெரியும்; பஞ்சர் ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசத் தெரியும். சக்கரத்தைக் கழற்ற அவள்தான் கற்றுக்கொண்டாள். முதலில் சொந்த ஆட்டோ, பிறகு ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்கள், பிறகு லோடு வண்டிகள். 2016-ல் கடை போட்டாள். போர்டு எழுதுகிறவர் வழக்கப்படி செல்வகுமார் பெயரைக் கேட்டார்.

"அவரு பேரப் போட்டா கழட்ட அவரக் கூப்பிடுவாங்க. அப்புறம் வண்டி இங்கியே நிக்கும்" என்றாள் கெங்கா.

செல்வகுமாரே பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் வரி, கெங்கம்மாள் டயர் ஒர்க்ஸ். இரண்டாவது வரி, பஞ்சர், காற்று. தன் பெயர் முதல் வரியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதில் எது எந்த எழுத்து என்று தெரியாது.

எண்கள் தெரியும். ஆடு எண்ணி வளர்ந்தவள். டயரின் பக்கவாட்டில் சின்னதாக நான்கு எண் இருக்கும்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1924 என்றால் 2024-ஆம் வருஷம் பத்தொன்பதாவது வாரத்தில் செய்த டயர். அது ஒன்றுதான் டயரின் உண்மையான வயது. கெங்கா எந்த டயரையும் முதலில் படுக்கப்போட்டு அந்த எண்ணைத் தேடுவாள். கடைச் சுவரில் சாக்பீஸால் வண்டி எண்ணின் கடைசி நான்கு, டயரின் நான்கு, அடித்த காற்று எவ்வளவு என்று எழுதிவைப்பாள். மூலையில் ஒரு கட்டம் போட்டு, திங்கள்கிழமைதோறும் அழித்து, நடக்கும் வாரத்தின் எண்ணை எழுதுவாள். டயரின் வயதைக் கணக்கிட அது வேண்டும். மற்றவர்கள் ஆடி, ஆவணி என்று சொல்லும் இடத்தில் அவள் முப்பத்திரண்டு, முப்பத்தி மூன்று என்பாள்.

ஜனங்கள் போனில் டயர் வாங்க ஆரம்பித்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. பெட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஆம்பூர் கடைகளுக்குப் போனால், "எங்க வாங்கினியோ அங்கியே போய் மாட்டிக்கோ" என்றார்கள். ஒருவரிடம், "போன்லதானே வாங்கின, போனையே மாட்டச் சொல்லு" என்றும் சொன்னார்களாம். அப்படி மூன்று கடை ஏறி இறங்கிய டயர்கள் கெங்காவிடம் வந்தன. அவள் மாட்டினாள். போர்டு எழுதுகிறவரைத் திரும்பக் கூப்பிட்டு மூன்றாவது வரி எழுதச் சொன்னாள். வெளியில் வாங்கிய டயரும் மாட்டப்படும்.

ஒரே மாதத்தில் ஆம்பூரின் பெரிய டயர் கடைக்காரர் தன் காரிலேயே வந்து இறங்கினார்.

"இன்னாம்மா, ஊர் பேர் தெரியாத டயருக்கெல்லாம் சத்திரம் தொறந்துட்டியாமே?"

"வட்டமா கீதான்னு பாப்பேன் சார். எங்க பொறந்துச்சுன்னு கேக்க மாட்டேன்."

"எட்டு கடைக்காரங்க பேசி வெச்சிருக்கோம், வெளி டயரத் தொடறதில்லன்னு."

"நான் அந்த எட்டுல இல்லியே. ஒன்பதாவது."

"நாளைக்கு ஒண்ணு வெடிச்சா உன் தலையிலதான் விடியும். அப்ப இந்தக் கடைக்கு ஒரு வண்டி வராது."

"விடியட்டும். நான் மாட்டினதுதானே."

அவர் சொன்னதில் பாதி நடந்தது. 2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, அமீர் பாஷா நான்கு டயரோடு வந்தார். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டி அவருடையது. டயர்கள் போனில் வாங்கியவை. கெங்கா நான்கையும் படுக்கப்போட்டாள். மூன்றில் 1924. நான்காவதில் 0821.

"பாய், இது மூத்தது. மூணரை வருஷம் எங்கியோ கெடந்துட்டு வந்திருக்குது. திருப்பி அனுப்புங்க."

"காலைல லோடு இருக்குதும்மா. மூணு வயசுல டயருக்கு இன்னா முடி நரைச்சிடப் போவுது? மாட்டு."

மாட்டினாள். எண்களைச் சுவரில் எழுதி, 0821-ஐ மட்டும் ஒரு வட்டத்துக்குள் அடைத்தாள். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 2, அதே டயர் பக்கவாட்டில் பூரி போல உப்பிக்கொண்டு திரும்பி வந்தது.

பாஷா கம்பெனிக்குப் புகார் செய்தார். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கம்பெனி ஆள் ஒருவர் பார்க்க வந்தார். கூடவே அந்தப் பெரிய கடைக்காரரும் வந்தார்; அந்தக் கம்பெனிக்கு ஆம்பூரில் ஏஜென்ட் அவர்தான். நான் வேலை முடிந்து வழக்கம்போல் அங்கே பஸ் இறங்கியிருந்தேன்.

கம்பெனி ஆள் டயரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டும்போது விளிம்பு அறுபட்டிருக்கு. இது மாட்டினவங்க தப்பு" என்றார்.

"வெளி டயர்னா இப்படித்தான்" என்றார் பெரிய கடைக்காரர், ரோட்டில் நின்ற இரண்டு டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

கெங்கா கோபப்படவில்லை. டயரை அவர் முன்னால் நிறுத்தினாள். "கைய வுட்டு விளிம்பத் தடவுங்க சார். முழுசா ஒரு சுத்து. எங்க நெருடுதோ அங்க நிறுத்துங்க."

அவர் தடவினார். விரல் எங்கும் நிற்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"உப்பினது பக்கவாட்டுல. டயர நெம்பி ஏத்தற லிவர் படற எடம் இந்த விளிம்பு. ரெண்டுக்கும் நடுவுல நாலு வெரல் கடை. இப்ப சுவத்தப் பாருங்க. இது உங்க டயரு, இது அன்னைக்கி அடிச்ச காத்து. வட்டம் போட்டு வெச்சது எதுக்குன்னு பாய்கிட்ட கேளுங்க."

கம்பெனி ஆள் சின்ன வயது, நியாயஸ்தர். சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மாட்டியவர் வாக்குமூலம் என்று அதற்குப் பெயர். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அடியில் மாட்டியவர் கையொப்பம் என்று ஒரு கோடு இருந்தது.

கெங்கா கட்டை விரலை நீட்டினாள். மை ஒற்றி வைத்த இடத்தில் ஒரு நீல வட்டம் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. அவர் காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கோலிகுண்டு வெச்ச மாதிரி இருக்கேம்மா. கைநாட்டு வெச்சாலே மேல கேள்வி கேப்பாங்க. இது யார் கையின்னுகூடச் சொல்ல முடியாது. நான் நம்பறேன், அவங்க பேப்பரத்தான் பாப்பாங்க. கையெழுத்து இல்லன்னா மாட்டின தப்புன்னு எழுதி மூடிடுவாங்க."

"எதுக்கு கஷ்டம்" என்றார் பெரிய கடைக்காரர். "என் கடையில மாட்டினதா நான் போட்டுக் குடுக்கறேன். சீலும் கீது, கையெழுத்தும் கீது. பாய்க்கு டயர் வந்துடும். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. அந்த மூணாவது வரிய அழிச்சிடு."

எல்லோரும் அமீர் பாஷாவைப் பார்த்தோம். டயர் அவருடையது. அவர் தாடியைச் சொறிந்துகொண்டார்.

"அவ சொன்னப்ப கேக்காதது நான். ஸ்டெப்னி போட்டு ஓட்டிக்கிறேன்."

கெங்கா பெரிய கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "நான் மாட்டின டயருக்கு நீங்க எப்படி சார் கையெழுத்து போடுவீங்க? என் கொழந்தைக்கு நீங்க இனிஷியல் குடுக்கற மாதிரி இல்ல இருக்குது?"

ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்த செல்வகுமாருக்கு இருமல் வந்து அடங்க நேரமானது.

மாட்டிய நாளிலிருந்து முப்பது நாள்தான் கெடு, அது அடுத்த புதனோடு முடிகிறது, அன்று திரும்ப வருகிறேன் என்று சொல்லி கம்பெனி ஆள் ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் நான் ஒரு யோசனை சொன்னேன். "நான் உன் பேரப் போட்டுடறேன் கெங்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"நீ மாட்டினியா ண்ணா?"

"இல்ல."

"அவரும் மாட்டல. அப்ப அவருக்கும் உனக்கும் இன்னா வித்யாசம்?"

ஒரு தையல் குறைந்ததற்காக ஷூவைத் திருப்பி அனுப்புகிறவன் நான். சுவரில் தொங்கிய பழைய டியூபில் சாக்பீஸால் அவள் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

"எத்தினி?"

"ஆறு."

"மேல மூணு பொட்டு கீதே."

"புள்ளி. அது இல்லன்னா பேரு மாறிடும்."

"அப்ப நட்டு. முன்னாடி வளைஞ்சி நிக்கறது?"

"கொம்பு. அத மொதல்ல போட்டுட்டுத்தான் எழுத்தப் போடணும்."

"ஜாக்கி" என்றாள். "சரி, நீ கெளம்பு. பஸ் போய்டும்."

கையைப் பிடித்து எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, லிவரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

அந்த ஏழு நாளும் கடைக்கு வந்த ஒவ்வொரு டயரிலும் எழுதினாள். நின்று எழுத நேரமில்லை. காற்று ஏறும் நேரத்துக்குள் எவ்வளவு வருமோ அவ்வளவு. ஜாக்கியும் க-வும் முதல் நாளே வந்துவிட்டன. ங அவளைப் படுத்தியது. வெள்ளிக்கிழமை பாஷா வந்து சொன்னார்.

"திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு வண்டி நிக்குது, நாலு சக்கரத்துலயும் கெ, கெ, கெ, கெ. டிரைவர் பேஜாராயிட்டான். யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு எலுமிச்சம்பழம் வாங்கப் போயிட்டான்."

"பழத்த டயருக்கு அடியில வெக்கச் சொல்லுங்க. ஏத்திட்டுப் போவட்டும்."

சனிக்கிழமை ங வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெயர் முழுதாக வந்தது, மூன்று நட்டில் ஒன்று குறைந்து. செவ்வாய்க்கிழமை குடியாத்தம் பக்கம் போன வண்டிகளில் ஆறு எழுத்தும் மூன்று புள்ளியும் சுற்றிக்கொண்டு போயின. மண்ணில் இரண்டு மைல் போனால் அழிந்துவிடும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

கம்பெனி புது டயர் அனுப்பியது பிறகு, படிவம் போய்ப் பத்தொன்பது நாள் கழித்து. அதையும் படுக்கப்போட்டு 3524 என்று பார்த்த பிறகே பாஷாவின் வண்டியில் மாட்டினாள். மாட்டும்போது ரோட்டில் ஏழு பேர் நின்று பார்த்தார்கள். மூன்றாவது வரி போர்டில் இருக்கிறது. போன பொங்கலுக்கு அதற்கு மட்டும் இன்னொரு கோட் சிவப்பு அடித்தாள். பெரிய கடைக்காரர் இப்போது வெளி டயர் மாட்டுகிறார் என்று கேள்வி. போர்டு வைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு நான் அரை நாள் லீவு போட்டேன். கம்பெனி ஆள் படிவத்தைப் பெஞ்சின் மேல் வைத்தார். பெரிய கடைக்காரர் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கெங்கா கையை சோப்புப் போட்டுக் கழுவினாள், சேலையில் துடைத்தாள், பேனாவை சாக்பீஸ் பிடிப்பது போலப் பிடித்தாள். ஜாக்கியை வைத்தாள். எழுத்து கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போனது. ள் எழுதி முடித்து, புள்ளிகளை விரலால் எண்ணினாள். இரண்டுதான் இருந்தது. திரும்பிப் போய் ம் மேல் மூன்றாவதை வைத்து அழுத்தினாள்.

"தேதியும் போடணும்மா" என்றார் அவர்.

அது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. சுவர் மூலையைப் பார்த்து, 3724 என்று எழுதினாள்.

"இது இன்னா?" என்று காரிலிருந்து குரல் வந்தது.

"டயர்க் கடை வெச்சிருக்கறவரு கேக்கறாரு" என்று கெங்கா கம்பெனி ஆளிடம் சொன்னாள்.

அவர் சிரித்துவிட்டு, மேலே இருப்பவர்களுக்கு முழுத் தேதி வேண்டும் என்றார். பேனாவை மறுபடி எடுத்து, என்னைக் கேட்காமல், பக்கத்தில் எழுதினாள். 11-9-2024.