சிவப்புப் பொத்தானை மாற்றிய செல்வநாயகி மேடம்

எழுபத்திரண்டு வயது வரை, சாவுச் செய்தியை யாராவது வாசலில் வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். செல்வநாயகி மேடம் இறந்ததை நானே போனில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சிதான் முதலில் வந்தது; அழுகை அதற்குப் பிறகு. மேடம் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஓய்வு பெற்றபின், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்காகப் போனில் எளிய திரை ஒன்றை உருவாக்கினார். பிள்ளைகளின் முகங்கள், கீழே பெரிய சிவப்புப் பொத்தான். ஆபத்தில் அதை அழுத்தினால் பக்கத்து வீட்டில் மணி அடிக்கும். எங்கள் ஊரான வடக்குத்தில் முதலில் என்னிடம்தான் கொடுத்துப் பார்த்தார்.

ஒரு நாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். போன் கைக்கு எட்டியது. அழுத்தவில்லை. பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தேன்.

சென்னையிலிருந்து ஓடிவந்த மகள், “போதும்ப்பா. வூட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடு” என்றாள். அந்த வீட்டை விட்டு நான் எப்படிப் போவேன்?

மேடம் என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஏண்ணே அமுத்தல?” என்று கேட்டார்.

“செவப்பாச்சே மேடம்! மைன்ஸ்ல அத்த அமுத்துனா கரி போற பெல்ட்டு நின்னுப்பூடும். மொத்த ஷிப்டும் என்னைத்தான் கேக்கும். அங்க காண்ட்ராக்ட்டு வேலையில முப்பது வருசம் அதுக்குப் பயந்துகினே இருந்தவன்.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மேடம் சிரிக்கவில்லை. “தப்பு ஒங்க மேல இல்லண்ணே. நானும் மைன்ஸ்லதான் இருந்தேன், எனக்குத் தோணியிருக்கணும். பக்கத்து வூட்டுக்காரர எப்படிக் கூப்புடுவீங்க?”

“‘வாங்க’ம்பேன்.”

மேடம் என் மகளிடம் ஒரு மாத அவகாசம் கேட்டு வாங்கினார். அடுத்த வாரம் பொத்தான் மஞ்சளாகிவிட்டது. அதில் பெரிதாக ‘வாங்க’. நான் படித்த முதல் சொல் அதுதான். “இத அமுத்துனா எதுவும் நிக்காது. ஆளுதான் வரும்” என்றார். பயம் போகத் தினமும் காலையில் ஒருமுறை அழுத்தச் சொன்னார்.

அழுத்தினேன். பக்கத்து வீட்டு யூசுப் பாய் தினமும் வந்து நின்றார். “யோவ், உசுரோடதான இருக்க? அப்ப டீயப் போடு!”

மாத முடிவில் மகள் வீட்டுச் சாவியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். நான் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன்.

மேடத்தின் திரை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சிலர் அழுத்துவதே இல்லை என்று கேள்விப்படுகிறேன். ஒவ்வொரு வீடாகப் போகப் போகிறேன். யாரையும் திட்ட மாட்டேன். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஏன் அமுத்தல?” என்று கேட்பேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, இப்போது அந்தத் திரையைப் பார்த்துக்கொள்ளும் மேடத்தின் மகளுக்கு அனுப்புவேன். மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் எழுதிவிடுவேன்.