யாருடைய ஸ்கின் கலர்?

தையல்காரம்மாவைத் தெருவே ஊசி என்றுதான் சொல்லும்; பேச்சு அப்படிக் குத்தும். ஒருநாள் ஒரு அம்மாள், கல்லூரிக்குப் போகும் மகளோடு வலைத்துணி கொண்டுவந்தாள்.

"கைக்கு உள்ளே ஸ்கின் கலர் லைனிங் வைங்கக்கா. வெறும் கை மாதிரியே தெரியணும்."

"அதுக்கென்ன, வச்சுட்டாப் போச்சு."

மறுவாரம் உடுப்பைப் பிரித்ததும் அம்மாளின் முகம் சுண்டிப்போனது.

"ஸ்கின் கலர்னுதானே சொன்னேன்? இது காப்பிப்பொடி கலர்!"

ஊசிக்குச் சுருக்கென்றது. தன் கறுத்த கையாலேயே அலமாரியில் இருக்கும் வெளிர் லைனிங் துணியை எடுத்துப்போட்டு, முப்பது வருஷமாக அதை ஸ்கின் கலர் என்று கூசாமல் சொல்லிவந்தவள்தான் அவளும். இந்தப் பெண்ணின் கையை அளவெடுத்தபோதுதான் உறைத்தது.

"போட்டுட்டு வாம்மா" என்று மகளை உள்ளே அனுப்பினாள்.

வெளியே வந்தவளின் கையில், தோல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவள் கண்ணாடியை விட்டு நகரவும் இல்லை.

அம்மாள் அலமாரியில் இருந்த வெளிர் துணியைக் காட்டினாள். "அப்போ அது என்ன கலராம்?"

"அதுவா?" என்றாள் ஊசி. "தோலுரிச்ச உருளைக்கிழங்கு."