மேற்குச் சுவரும் அந்தோனிதாசனும்

கதவைத் திறக்கமுன் அந்தோனிதாசன் அண்ணை மேற்குச் சுவரடியில் குனிந்து, இரவில் உதிர்ந்த செங்கற் சில்லுகளைப் பொறுக்கி ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொள்வார். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். நான் பார்ப்பேன், வாசலில் இருந்து நுழைவுச்சீட்டுக் கொடுக்கிறவள் வேறென்னத்தைப் பார்க்கிறது?

இந்தக் குளிர்நாட்டு வைலே நகரில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஓர் இங்கிலாந்து வியாபாரி தன் ஊர்ப் பாணியில் கட்டிய வீடு இது, இப்போது அருங்காட்சியகம். சுவரில் ஒரு வரிசை முழுக்கச் செங்கல்லின் நீளப் பக்கம், அடுத்த வரிசை முழுக்க அதன் குறுகிய தலைப் பக்கம். கூரைக்கு மேலே ஆறு புகைபோக்கிகள். பதினாறு வருடமாக அண்ணைதான் பராமரிப்பாளர். எந்தச் சன்னல் மழைக்கு இறுகும், எந்தப் படி முனகும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வருகிறவர்களிடம், "வடிவாப் பாருங்கோ, ஒரு கல் பிசகேல்லை" என்று தன் சொந்த வீட்டைக் காட்டுகிறவர்போலச் சொல்லுவார். இப்போது மேற்குப் பக்கம் மட்டும் ஒருவரையும் கூட்டிப்போவதில்லை.

மூன்று கோடைக்கு முன், தன் விடுமுறையில், யாரையும் கேளாமல் அந்தச் சுவரின் பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு இடுக்கெல்லாம் சீமெந்து அடைத்தார். "சுண்ணாம்பு தூளாக் கொட்டுது, தங்கச்சி. எங்கட ஊரில சீமெந்து வீடெண்டாத்தானே வீடு!" நானும் "நீங்கள் கெட்டிக்காரன் அண்ணை" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. கல்லில் ஊறிய ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறும். சீமெந்து அதை விடாது. பனிக்காலத்தில் ஈரம் உள்ளேயே உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளிவிட்டது.

போன வருடம் வீட்டின் பொறுப்புக்கு வந்த கிர்ஸ்டனுக்கு இது தெரியாது. பெயர்ந்த சுவரைப் பார்த்து, "உனக்கு முன்னால் இருந்த கிழவனின் வேலைதான். நீ என்றால் இப்படிச் செய்திருக்கமாட்டாய், அந்தோன்" என்றார். அண்ணை தலையாட்டினார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. "வேலை போகுமெண்டு பயமில்லை, பிள்ளை. செத்த மனுசன்ர தலையில பழியைப் போட்டிட்டு நிக்கிறன். சீ, நானும் ஒரு மனுசனே?" எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று சுவரைத் திருத்த மேசன் வந்து உளியால் தட்டி ஒரு சீமெந்துத் துண்டைப் பெயர்த்தெடுத்தார். சாந்துக் கரண்டி பிடிக்காமல் வெறும் விரலால் அழுத்தி வழித்த வேலை. முடித்த இடத்தில் பெருவிரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. கிர்ஸ்டன் அதை வாங்கிப் பார்த்து, "கிழவனின் விரல்!" என்று சிரித்தார்.

அண்ணை கையுறையைக் கழற்றினார். கிர்ஸ்டனின் கையிலிருந்து துண்டை வாங்கி, அவர் பார்க்கப் பார்க்க, தன் பெருவிரலை அந்தப் பள்ளத்துக்குள் வைத்தார்.