மேசை விளிம்பு இடிக்கிற இடம்

அந்த மேசைக்கு அளவு கொடுத்தவள் அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுவதற்கென்று பெரிய மேசை போட்டபோது, தச்சர் எவ்வளவு உயரம் வேண்டுமென்று கேட்டார். "தொப்புளுக்குக் கீழே அரைச்சாண்" என்று தன் வயிற்றில் கை வைத்துக் காட்டினாள். நாள் முழுக்க நின்றாலும் முதுகு வலிக்காத உயரம் அது. பின்னாளில் டாக்டர் கத்தி வைத்ததும் ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

கடையில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டுகிறவர் ஆணாக இருந்த காலத்தில் வந்த பெயர். அவர் போனார், பெயர் மேசையோடு ஒட்டிக்கொண்டது. நூல் பிசிர் வெட்டுவதில் தொடங்கி, பட்டன் வைத்து, மெஷினில் உட்கார்ந்து, அந்த மேசைக்கு வந்து சேர அவளுக்கு ஒன்பது வருஷம் ஆனது. கல்யாணத்துக்கு முன் சம்பாதித்த பெயர் என்பதால் அதன் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குழந்தை பிறந்தது அறுவை சிகிச்சையில். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஒருத்தர் பாக்கியில்லாமல் இதை மறந்தார்கள். அவளுக்குப் பதினான்கு மணி நேரம் வலி இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை தோல் உரிந்தது. அதன் பிறகுதான் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரசவ வலி, கத்தி இரண்டையும் பட்டவள் அவள். ஊர்க் கணக்கில் இரண்டில் ஒன்றுகூடச் சேரவில்லை.

"எனக்கு மூணும் தானா பிறந்துச்சு" என்றாள் நாத்தனார். கணவரின் அக்கா, ஒத்தாசைக்கென்று வந்திருந்தாள். "நீ கொடுத்து வச்சவ. படுத்தே, தூங்கினே, முழிச்சுப் பார்த்தா கையில பொண்ணு."

"தூங்கலை அண்ணி. முழிச்சுட்டுதான் இருந்தேன். உள்ள கை விட்டு இழுக்கறது தெரிஞ்சுச்சு."

"வலி தெரிஞ்சுச்சா?"

"அப்ப தெரியலை."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நாத்தனார் கெட்டவள் அல்ல. விடியும்முன் எழுந்து துணி அலசுவாள், குழந்தையைக் குளிப்பாட்டுவாள். வாயை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

வலி பிறகு தெரிந்தது. படுக்கையிலிருந்து எழுவதற்கு முதலில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, பல்லைக் கடிக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் கடவுள் விட்ட வழி. கணவர் டயர் கடையில் வேலை பார்க்கிறவர், நல்ல மனுஷர், வாயைத் திறந்தால் சிரிக்க வைப்பார். "தயவுசெஞ்சு பத்து நாளைக்கு ஊமையா இருங்க" என்று கும்பிட்டாள். சிரித்தால் உயிர் போனது.

பன்னிரண்டாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். குழந்தை வெளியே வந்துவிட்டதென்ற தகவல் வயிற்றுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணி போலிருந்தது, ஆனால் பிடித்தால் ஈர மாவு. தையலுக்கு மேலே சதை ஒரு மடிப்பாகத் தொங்கி, தையலையே மறைத்தது. மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் சிவந்த கோடு. இடது மூலையில் நூலை இறுக்கி இழுத்த மாதிரி ஒரு சுருக்கம். தையற்காரி கண் அதைத்தான் முதலில் பார்த்தது. 'நான் இப்படி முடிச்சிருந்தா, பிரிச்சுத் தைன்னு முகத்துல எறிஞ்சிருப்பாங்க' என்று நினைத்தாள். கோட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை. கிள்ளினால் யார் வயிற்றையோ கிள்ளுவது போல இருந்தது. பழைய செருப்புக்குள் கால் நுழையவில்லை. கால்கூட வளரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆறு வாரத்துக்குக் குழந்தையைத் தவிர வேறெதையும் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, ஆறாவது வாரம் வந்து காட்ட வேண்டும். டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இருபத்து நாலாம் நாள் கடை முதலாளியம்மா போன் செய்தார்.

"தையல் பிரிச்சாச்சுல்ல?"

"பிரிச்சாச்சும்மா. ஆனா டாக்டர் ஆறு வாரம்..."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வலி எடுத்துப் பெத்தவங்களுக்கு உடம்பு தேறணும், ரெண்டு மாசம் ஆகும், அது நியாயம். உனக்கு ஆபரேஷன்தானே. குடல்வால் எடுத்தவன் பத்து நாள்ல சைக்கிள் ஓட்டறான். பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. நீ வரலைன்னா பெரிய தெருக் கடை மாஸ்டரைக் கூப்பிட வேண்டியதுதான். வந்தா நிரந்தரமாத்தான் வருவேங்கறாரு."

குடல்வால் எடுத்தவனுக்கு இரண்டு மணிக்கொரு தரம் பால் கொடுக்க வேண்டியதில்லை என்று போனை வைத்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. நல்ல பதிலெல்லாம் போனை வைத்த பிறகுதான் வரும். ஒன்பது வருஷம் உழைத்துப் பிடித்த மேசை போய்விடும் என்ற ஒன்று மட்டும் பேசும்போதே புரிந்தது. இருபத்தேழாம் நாள் போனாள். கடை இரண்டு தெரு தள்ளி. நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம்.

சீருடை ஒவ்வொன்றாக வெட்டப்படுவதில்லை. துணியை ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது அடுக்கு விரித்து, மேலே கோடு போட்டு, கையில் பிடிக்கிற கட்டிங் மெஷினால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவார்கள். மெஷின் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்கு வெட்டுகிறவள் மேசையோடு ஒட்டி நிற்க வேண்டும். வெட்டி முடித்ததும் மேலிருந்து கீழாக, ஒன்று முதல் நாற்பது வரை சாக்பீஸால் எண் போடுவார்கள். ஒரே அடுக்குத் துண்டுகள் ஒரே ஸ்கர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக.

அன்று மேசையோடு ஒட்டி நின்றாள். விளிம்பு சரியாகத் தையலில் இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஒரு சாண் தள்ளி நின்று, கையை நீட்டி வெட்டினாள். மெஷினின் கைப்பிடி அவள் பக்கம் சாய்ந்தது. மேல் துணியில் கத்தி கோட்டின் மேலேயே போனது. மேல் துணியைத்தான் கண் பார்க்கும். கீழே இருக்கிற முப்பத்தொன்பதை நம்பிக்கைதான் பார்த்துக்கொள்ளும். மேசையைச் சுற்றி வந்து நீண்ட பக்கம் இரண்டையும் அப்படியே வெட்டினாள்; கீழே போகப் போகத் துண்டு குறுகியது. மாலையில் வீட்டுக்குப் போனபோது உள்பாவாடை தையலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் தொட்டு நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது.

மூன்றாம் நாள் மெஷினில் இருந்த பெண் கத்தினாள். "மாஸ்டர், இந்த ஸ்கர்ட்டுக்கு இடுப்புப் பட்டி நீளமா இருக்கு." அடுத்தவள், "எனக்கும்" என்றாள். இன்னொருத்தி தனக்குச் சரியாக இருக்கிறது என்றாள். முதலாளியம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் வித்தியாசம்.

"எட்டு பேர் உட்கார்ந்து தைக்கிற கடை இது. கவனத்தை வீட்டுலயே வச்சுட்டு வந்தா எப்படி? பிள்ளை பெத்தா மூளையையும் சேர்த்தா எடுத்துடறாங்க?"

இரண்டு மெஷின் நின்றது. அவளுக்கு மார்பில் பால் கட்டி, நேரம் கடந்திருந்தது. ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. அதை மறைக்கத் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மேசையில் இருந்த மற்றதையெல்லாம் ஒதுக்கி, நாற்பது துண்டையும் எண் வரிசையில் அடுக்கினாள். ஒன்று மேலே, நாற்பது கீழே. பக்கத்திலிருந்து பார்த்தால் அடுக்கு முழுக்க ஒரே சாய்வு. படிக்கட்டுக் கைப்பிடி போல, ஒரு இடத்திலும் பிசகாத சாய்வு.

"கவனம் இல்லாம வெட்டினா இங்கயும் அங்கயுமா போகும்மா. இது பாருங்க, ஒரே சீரா சாஞ்சிருக்கு. என் கவனம் துணியிலதான் இருந்துச்சு. வயிறுதான் மேசைக்குத் தள்ளி இருந்துச்சு."

"வயிறு தள்ளி இருந்தா துணி கோணுமா..."

"நாற்பது அடுக்கு சாஞ்சு வெட்டினதுக்கு என்னை நிக்க வச்சுக் கேக்கறீங்க. என்னை ஏழு அடுக்கு வெட்டியிருக்காங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. தோலு, கொழுப்பு, சதைன்னு எண்ணி எண்ணிச் சொன்னாங்க. மேல தெரியற தையல்தான் பிரிச்சாச்சு. உள்ள இருக்கறதெல்லாம் இன்னும் பச்சையாத்தான் இருக்கு. அந்த இடத்துலதான் உங்க மேசை இடிக்குது."

முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்தது. "என்னமோ உலகத்துல உனக்கு மட்டும் நடந்த மாதிரி பேசாதே. என் பையனும் ஆபரேஷன்தான். பத்தாம் நாள் கடையைத் திறந்தவ நான். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை."

அவள் அதை நிதானமாகக் கேட்டாள். "கடையில எங்கம்மா இருந்தீங்க?"

"எங்க இருப்பாங்க? கல்லாவுல."

மூலையில் பட்டனுக்கு ஓட்டை தைத்துக்கொண்டிருந்த காஜா அக்கா, கடை திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவள், ஊசியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "அந்த நாற்காலிக்குப் பஞ்சு மெத்தை நான்தான் தைச்சேன். முதல்ல ஒண்ணு. பத்தலைன்னு இன்னொண்ணு."

மெஷின் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி தோள் மட்டும் குலுங்கியது.

முதலாளியம்மா துண்டுகளைப் பார்த்தார். "சரி, அதெல்லாம் பழைய கதை. இந்தத் துணிக்கு என்ன வழி?"

வழி அவளிடம் இருந்தது. அடுக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் உடனே சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு துணியும் வீணாகாது. எது எதுக்கு ஆகும்னு என்னால பிரிக்க முடியும். பிரிச்சுக் கொடுத்துட்டு இன்னிக்கே வீட்டுக்குப் போறேன். ஆறு வாரம் முடிஞ்சு, டாக்டர்கிட்ட காட்டிட்டு, அவங்க சரின்னு சொன்னதும் வர்றேன். வரும்போது இந்த மேசை எனக்கு இருக்கணும். அதை இப்பவே, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"அதுவரைக்கும் யாரு வெட்டறது?"

"நீங்களும்தான் வெட்டுவீங்களே. நாற்பது வேண்டாம், பத்துப் பத்தா விரிச்சு வெட்டுங்க. மெதுவா ஆகும், ஆனா கோணாது. இல்லை, பெரிய தெரு மாஸ்டர்தான் வேணும்னா கூப்பிடுங்க. அவருக்கு இந்த நாற்பதைப் பிரிக்கத் தெரியுமான்னு முதல்ல கேட்டுக்குங்க."

முதலாளியம்மா நல்ல வார்த்தை ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்தார், பெரிய தெரு மாஸ்டரிடம் இப்போதைக்கு ஆள் வேண்டாம் என்றார், வைத்தார். "போதுமா? பிரி."

"எனக்கு ஒரு நாற்காலி வேணும்மா. மெத்தையோட."

காஜா அக்காவே போய்க் கல்லா நாற்காலியை இழுத்து வந்தாள்.

உட்கார்ந்தபடி பிரித்தாள். முதல் பத்துக்கு எந்த மாற்றமும் வேண்டாம். நடுவில் இருபதுக்கு மடிப்பைக் கொஞ்சம் குறைத்தால் பட்டி சேரும். கடைசிப் பத்து சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, நீளத்தை வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதி, கட்டுக் கட்டாகக் கட்டி வைத்துவிட்டு, ஒருக்களித்து, மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். எப்படி எழுகிறாள் என்பதை எட்டு மெஷினும் பார்த்தது.

வீட்டில் குழந்தை அழுது வீடு இரண்டுபட்டிருந்தது. "இவ்வளவு நேரமா?" என்றாள் நாத்தனார். அவள் உட்கார்ந்து பால் கொடுத்தாள். மறுபக்கத்துக்கு மாற்றும்போது, சேலை விலகி, உள்பாவாடையில் இருந்த கறை நாத்தனார் கண்ணில் பட்டது.

"என்ன அது? காட்டு."

"ஒண்ணுமில்லை அண்ணி. தூங்கி முழிச்சதுல வந்துச்சு."

"வாயைப் பாரு. காட்டுடி."

காட்டினாள். நாத்தனார் குனிந்து, மடிப்பை ஒரு விரலால் தூக்கி, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். மடிப்பை மெல்ல விட்டு, சேலையை இழுத்து மூடினாள்.

"இருந்தாலும்," என்றாள் கடைசியில், "தானா பிறக்கறது தானா பிறக்கறதுதான்." சொல்லிவிட்டு, காலையில் தம்பி பெண்டாட்டி வாசலில் நிரப்பி வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாள்வரை வாளியை அவளைத் தொடவிடவில்லை. வாயும் ஓயவில்லை.

ஆறு வாரம் ஏழாக முடிந்தது. மூலையில் கசிந்த இடம் ஆற இன்னும் ஒரு வாரம் வேண்டுமென்றார் டாக்டர். அந்த மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் கசிந்தே இருக்காது என்றும் சொன்னார், அவள்தான் ஏதோ ஆசைப்பட்டுப் போனது மாதிரி.

திரும்பிப் போன அன்று மேசை அவளுக்கு இருந்தது. ஆனால் அளவு மாறியிருந்தது. மேசையின் அளவு அல்ல, அவளுடையது. தச்சரை வரவழைத்து, காலடியில் போட்டு நிற்க நாலு விரல் உயரத்துக்குப் பலகை கேட்டாள். ஏறி நின்றால் விளிம்பு தையலுக்குக் கீழே, தொடையில் படும்.

"போன தடவை கொடுத்த அளவு தப்பாம்மா?" என்றார் தச்சர்.

"அப்ப சரிதான்."

கல்லாவில் முதலாளியம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க மாஸ்டருக்கு ஆபரேஷன் ஆச்சு. ஏழு வாரம் வரவே கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன். நாமளும் பொம்பளைங்கதானே, பார்க்கணும்ல?"

மூலையில் காஜா அக்கா இருமினாள். ஒரு தடவை, பிறகு தேவையில்லாமல் இன்னொரு தடவை. மாஸ்டர் பலகையில் ஏறி, மேசையோடு ஒட்டி நின்று, மெஷினைச் செங்குத்தாகப் பிடித்தாள்.

"எண்ணிப் பார்த்தா ஏழு இல்லைம்மா," என்றாள், மேல் துணியிலிருந்து கண்ணெடுக்காமல். "அதுல மூணு நாள் நான் இங்கதான் நின்னேன்."